சாக்கடைக்கும் ஒரு சபை வேண்டும்

“சாக்கடை அள்ளவும் தெருவிளக்கு மாற்றவும் எதற்கு ஒரு கவுன்சிலர், ஒரு கூட்டம், அதில் ஒரு கட்சிச் சண்டை? நேர்மையான அதிகாரி ஒருவரை உட்கார வைத்தால் போதும். புகார் சொல்ல ஒரு ஆப் இருக்கட்டும். பெரிய வேலையை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம். ஊர் தன்னால் சுத்தமாகிவிடும்.”

இந்தப் பேச்சை மட்டாஞ்சேரி டீக்கடையில் கேட்டிருக்கிறேன். மதுரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள், குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறவர்கள், உள்ளூர் அரசியலைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்தவர்கள். அந்தச் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சலிப்பிலிருந்து அவர்கள் போய்ச் சேரும் முடிவு தவறு. ஊரில் யாருக்குப் பலம் குறைவோ அவர்கள் தலையில் போய் விடிகிற தவறு. அதனால்தான் அதை ஒவ்வொரு சொல்லாக எடுத்து மறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது கொச்சங்காடியில். கொச்சி மாநகரத்தின் மேற்குப் பக்கம், மட்டாஞ்சேரியில் ஒரு துண்டு. பெயரிலேயே அங்காடி இருக்கிறது. பழைய செம்பிட்ட பள்ளி இங்கேதான். 14ஆம் நூற்றாண்டில் இங்கே யூதர்களின் ஜெபாலயம் ஒன்று எழுந்தது. கட்டடம் போய்விட்டது, அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவில் உள்ள பரதேசி ஜெபாலயத்தில் இருக்கிறது. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்ததாகச் சொல்லும் நைனா குடும்பங்கள், கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார்கள் என்று நடந்துபோகும் தூரத்துக்குள் அத்தனை மொழி, அத்தனை சாமி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கோயில், பள்ளி, மடம், சங்கம். சாக்கடை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

கொச்சி பெரிய நகரம்தான். 2011 கணக்கெடுப்பில் ஆறு லட்சம் பேர். ஆனால் அது பல ஊர்களைச் சேர்த்துக் கட்டிய நகரம். கோட்டைக் கொச்சி வெள்ளைக்காரர் கையில், மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தது. 1866லேயே அங்கே நகராட்சி வந்துவிட்டது. அதை ஒட்டியிருந்த மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் சமஸ்தானம். காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளம். மூன்றும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து, சுற்றியிருந்த ஊராட்சிகளோடு சேர்ந்து 1967 நவம்பர் 1ஆம் தேதி ஒரே மாநகராட்சி ஆயின. ஆகவே கொச்சங்காடிக்காரருக்கு மாநகரம் என்பது அறுபது வருஷம்கூட ஆகாத சமாச்சாரம். அவர் நாள்தோறும் புழங்குவது ஒரு சின்ன ஊரில். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், குப்பை, கொசு மருந்து, பிறப்புச் சான்று, வீட்டு நம்பர், ஓய்வூதியப் பட்டியல் என்பவைதான் அந்தச் சின்ன ஊரின் அரசாங்கம். இவற்றைத்தான் ‘இதிலெல்லாம் எதற்கு அரசியல்’ என்று ஒதுக்குகிறார்கள்.

சாக்கடையிலிருந்தே தொடங்குகிறேன். தெருவோரச் சாக்கடையை இங்கே மலையாளத்தில் ‘கான’ என்பார்கள்; எங்கள் வீட்டுத் தமிழில் அது கானை ஆகிவிட்டது. எங்கள் சந்தில் ஓடுவது இரண்டடிக் கானை. மேலே கான்கிரீட் ஸ்லாப். ஒரு வருஷம் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சேறு கோர வந்தார்கள். வரிசையாக ஆறு ஸ்லாப்பைத் தூக்கிக் கோரினார்கள். ஏழாவது ஸ்லாப் ஒரு கடையின் படிக்கட்டுக்கு அடியில் போயிருந்தது. எட்டும் ஒன்பதும் ஒரு வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் சிமென்ட் பூசி அடைத்தவை. கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விட்டார்கள். கோரிய சேறு மூன்று நாள் ஓரத்தில் கிடந்தது. முதல் மழையில் மறுபடி உள்ளேயே இறங்கியது.

அந்த வருஷத்து வார்டு கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் இருக்கும் ஒரு சேச்சி முதலில் எழுந்தார். கோரிய ஆறு ஸ்லாப்பின் தண்ணீர் முழுவதும் ஏழாவதில் முட்டித் திரும்பித் தன் அடுக்களைக்குள் ஏறுகிறது என்றார். கடைக்காரர் படிக்கட்டை உடைக்க விடமாட்டேன் என்றார். அவருடைய வாப்பா காலத்துப் படிக்கட்டு அது. வீட்டுக்காரர், தான் அடைத்ததற்குக் காரணமே கொசுதான் என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கை தூக்கினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“மோனே, நீங்க கோர்றது எப்போ? வேலியேற்றம் வர்ற நேரத்துல கோரினா யாருக்கு என்ன பிரயோஜனம்?”

வேலியேற்றம் என்றால் கடல் ஏறுவது. நம்முடைய பழைய சொல்லில் ஓதம். கொச்சியில் ஓதம் பெரிதில்லை, ஒரு மீட்டர் அளவுக்குள்தான். ஆனால் மட்டாஞ்சேரியின் தெருக்களும் கடல் மட்டத்துக்கு மேல் பெரிதாக எழும்பி நிற்கவில்லை. காயல் ஏறும்போது கல்வத்தித் தோடு போன்ற வாய்க்கால்களில் தண்ணீர் பின்னோக்கி வரும். வாய்க்காலில் விழ வேண்டிய கானைகள் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் மேல்முனையில் எவ்வளவு கோரினாலும் சேறு நகராது. தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, வாய்க்காலில் விழும் வாயிலிருந்து தொடங்கி மேலே மேலே வர வேண்டும். அவர் சொன்னது இதைத்தான். கோப்பில் இருந்தது மே மாதம் என்ற ஒரு சொல். நாளும் மணியும் அவரிடம் இருந்தன.

ஒன்றரை மணி நேரம் சத்தம் போட்டு ஒரு முடிவு வந்தது. படிக்கட்டில் கடைசிப் படி போகும். அதைக் கடைக்காரர் தன் செலவில் எடுப்பார். அந்த இடத்துக்குத் தூக்கி வைக்கக்கூடிய ஸ்லாப்பை வார்டு பணத்தில் போடுவார்கள். வீட்டுக்காரரும் சிமென்டை உடைப்பார். அவர் கேட்டபடி ஸ்லாப் இடுக்குகளுக்குக் கொசு நுழையாத வலை வரும். சேறு கோரியதும் அன்றைக்கே வண்டியில் ஏற வேண்டும். வேலை கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன். இந்த ஒன்றரை மணி நேரத்தில் எது நிர்வாகம், எது அரசியல்? யாருடைய படி உடைவது, யாருடைய அடுக்களை நனையாமல் இருப்பது, யார் செலவு, யார் முதலில் என்பதெல்லாம் அளவு நாடா வைத்து முடிவு செய்யும் கேள்விகளா? பொறியாளர் சரிவு எவ்வளவு என்று சொல்வார். அந்தச் சரிவுக்காக யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அவர் சொல்ல முடியாது; சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கடைக்காரர் கேட்டார் என்றால், தன் வாதத்தை நாலு பேர் முன்னால் வைத்துத் தோற்றதால்தான் கேட்டார். மூடிய அறையில் முடிவாகியிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார், அல்லது ஆள் பிடித்திருப்பார்.

‘வெறும் சாக்கடை’ என்கிறார்களே, அந்தச் சொல்லும் தவறு. கொச்சியின் பழைய தெருக்களில் வெறும் சாக்கடை என்று ஒன்று இருந்ததே இல்லை. தேங்கிய அழுக்குத் தண்ணீரில் முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு யானைக்கால் நோயைப் பரப்பியது. வெள்ளைக்காரர்கள் அந்த நோய்க்கே ‘கொச்சிக் கால்’ என்று பெயர் வைத்தார்கள். தன் பெயரை ஒரு நோய்க்குக் கொடுத்த ஊரில், கானை ஓடுகிறதா நிற்கிறதா என்பது தலைமுறைகளின் கால் விஷயம். அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் சண்டை போடுவது வீண் என்றால், வேறு எதைப் பற்றிப் போடுவது?

அடுத்தது, ‘நேர்மையான ஓர் அதிகாரி போதும்’ என்ற வாதம். இதை ஊகமாகப் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டு நகரங்கள் சோதித்தே பார்த்துவிட்டன. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கும் மேல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றையும் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். கவுன்சிலர் இல்லை, மன்றக் கூட்டம் இல்லை, வெளிநடப்பு இல்லை, கட்சிச் சண்டை இல்லை. அரசியலே வேண்டாம் என்கிறவர்கள் கேட்ட ஏற்பாடு அப்படியே கிடைத்தது.

ஊர் சுத்தமாயிற்றா? சென்னைத் தியாகராய நகரை நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பாண்டி பஜாரின் அகல நடைபாதையை 2019இல் திறந்தார்கள். 2021 நவம்பர் மழையில் அதே தி.நகரின் தெருக்களில் தண்ணீர் வடியாமல் நின்றது. அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மோட்டார் வைத்து இரவு பகலாக இறைத்தவர்களும் அவர்களுடைய ஊழியர்கள்தான். அந்த ஐந்து வருஷமும் மாம்பலத்துக்காரர் ஒருவர் சார்பாக யாராவது எழுந்து ‘இந்த வேலை முடியும்வரை மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும்’ என்று கேட்கவும், அதற்கு வந்த பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறவும் ஒரு மன்றம் இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் நேர்மையான அதிகாரிக்கும் தன் பிழை தெரிவதில்லை. தண்ணீர் ஏறிய பிறகுதான் தெரிகிறது.

கேரளத்தில் 1995 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடக்கிறது. கொரோனாவின் நடுவிலும் 2020 டிசம்பரில் நடந்தது. 2010இலிருந்து பாதி இடம் பெண்களுக்கு. கொச்சியில் அன்றைக்கு 74 டிவிஷன். 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் எட்டாயிரம் பேர். சென்னையில் 200 வார்டு. அதே கணக்கில் ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரத்துக்கு மேல். எட்டாயிரம் பேருக்கு ஒருவர் என்றால் மீன் வாங்கப் போகும்போது அவரைப் பிடித்துவிடலாம். அவர் திறமைசாலியா இல்லையா என்பது அடுத்த கேள்வி. பிடிபடுகிற தூரத்தில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. மாற்றலாகிப் போகும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் தூரத்தில் இருக்க மாட்டார்.

‘கம்பெனியிடம் விட்டால் நன்றாக நடக்கும்’ என்ற வாதத்துக்கும் கொச்சியிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. அடுத்த ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களில் கொச்சியும் ஒன்று. பணத்தைச் செலவிட மாநகராட்சிக்கு வெளியே கொச்சின் ஸ்மார்ட் மிஷன் லிமிடெட் என்று ஒரு கம்பெனி அமைந்தது. கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அதன் எல்லைக்குள். நல்ல காரியங்கள் நடக்கவில்லை என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். துருத்தியில் எழுந்த இரண்டு குடியிருப்புக் கோபுரங்களில் ஒன்றை மாநகராட்சி கட்டியது, மற்றதை இந்தக் கம்பெனி கட்டியது. நெருக்கடிக் குடிசைகளில் தலைமுறைகளாகக் கிடந்தவர்களுக்கு அது பெரிய வாழ்வு. ஆனால் திட்டம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. திட்டத்துக்கு முடிவுநாள் உண்டு. கானைக்கு முடிவுநாள் இல்லை. கட்டுகிற வேலையைக் கம்பெனி செய்யலாம். கட்டியதை ஒவ்வொரு மழைக்கும் முன்னால் திறந்து பார்த்து, அடைத்துக்கொண்டிருப்பதை எடுத்து, உடைந்ததை மாற்றி, அதற்கான பணத்தை வரியில் தேடுகிற வேலை என்றென்றைக்கும் கிடக்கிறது. அதைச் செய்யப்போவது மாநகராட்சிதான். அப்படியிருக்க, எதை எங்கே கட்டுவது என்ற முடிவில் அதன் மன்றம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் அது எப்படி நியாயம்?

ஆப் விஷயத்தில் நான் எதிரியே இல்லை. 2024 ஜனவரி 1ஆம் தேதி கேரளத்து நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் கே-ஸ்மார்ட் வந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, வீட்டு வரி, கட்டட அனுமதி என்று வரிசையில் நின்று கால் கடுத்த வேலைகள் பல போனுக்கு வந்துவிட்டன. ஒரு சான்றுக்காக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை. சான்று என்பது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. அதற்கு மெஷின் போதும். ஆனால் இரண்டு சந்துக்கும் விளக்கு வேண்டும், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மெஷின் என்ன செய்யும்? எங்கிருந்து புகார் அதிகம் வந்ததோ அந்தச் சந்தை மேலே காட்டும். புகார் பதிவு செய்யும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? படித்தவர்களுக்கு, பகலில் நேரம் இருப்பவர்களுக்கு. விடிகாலை மீன் இறக்கப் போய் இருட்டியபின் திரும்பும் வீட்டிலிருந்து புகாரே வராது. அந்தச் சந்து கணினித் திரையில் குறையே இல்லாத சந்தாகத் தெரியும். கூட்டத்தில் அப்படி இல்லை. புகார் எழுதத் தெரியாதவருக்கும் குரல் இருக்கிறது. அவருக்காகப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து பேசுவதும் உண்டு.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும்: பிரம்மபுரம். 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, பன்னிரண்டு நாள்போல எரிந்து புகைந்தது. நகரமே நச்சுப்புகையில் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ‘குப்பையைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாத மன்றத்திடம் எதை நம்பிக் கொடுப்பது’ என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் பிரம்மபுரத்தில் நடந்தது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரம்மபுரம் கொச்சி மாநகராட்சிக்குள் இல்லை. வடவுகோடு-புத்தன்குரிசு ஊராட்சியில் இருக்கிறது. குப்பை எங்களுடையது, நாற்றம் அவர்களுடையது. எங்கள் மன்றத்துக்கு அவர்கள் ஓட்டுப் போடுவதில்லை. எங்கள் வார்டு கூட்டத்தில் அவர்கள் எழுந்து பேச முடியாது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆக, வாசலில் லாரியில் ஏறியதும் குப்பை எங்கள் கண்ணிலிருந்தும் பேச்சிலிருந்தும் மறைந்துவிட்டது. தூரத்து இடம், மையக் கிடங்கு, வெளி ஒப்பந்தம் என்று ‘வீண் பேச்சு இல்லாத’ ஏற்பாட்டின் எல்லா அங்கமும் அங்கே இருந்தன. பேச்சு அதிகமாகி அந்த மலை எரியவில்லை. பேசவேண்டியவர்கள் பேசுவதற்கு இடம் இல்லாமல் அது வளர்ந்தது.

தீக்குப் பிறகு வந்த பாடம் என்ன? குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும். மக்கும் குப்பையை முடிந்தவரை வீட்டிலேயே மக்க வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலுக்கு வந்து கட்டணத்துக்கு எடுத்துப் போவார்கள். இதில் எந்த வேலை மேலிருந்து நடக்கும்? அந்தப் பெண்ணுக்கு எந்த வீடு கதவு திறக்கிறது, எந்த வீடு கட்டணம் தர மறுக்கிறது, சாக்கு மூட்டையை எந்த முக்கில் இறக்கி வைப்பது, அந்த முக்கில் இருப்பவர் எதிர்த்தால் என்ன செய்வது என்ற ஒவ்வொன்றும் வார்டு அளவில் பேசித் தீர்க்க வேண்டிய தகராறு. பிரம்மபுரத்தை அணைத்தது தண்ணீர் பீய்ச்சிய தீயணைப்பு வீரர்கள். அது மறுபடி வளராமல் தடுக்க வேண்டியது இந்தத் தகராறுகள்தான்.

இன்னொரு குற்றச்சாட்டு எனக்கு மிகவும் வலிப்பது. “வார்டு கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? வீடு கேட்கிறவர்கள், ஓய்வூதியம் கேட்கிறவர்கள், ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும் பெயர் கொடுக்கிறவர்கள். கவுன்சிலர் தன் ஆட்களுக்குப் பங்கு வைக்கிறார். இது ஜனநாயகமா?”

இதற்குப் பதிலை மட்டாஞ்சேரி தன் ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே துறைமுகத்தில் வேலை கிடைக்கும் முறைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். சாப்பா என்றால் உலோக வில்லை. விடிகாலையில் நூற்றுக்கணக்கான ஆண்கள் கூடி நிற்பார்கள். மூப்பன் அந்த வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அடித்துப் பிடித்து, மிதிபட்டு, ஒரு வில்லையை எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. யாருடைய முறை, யார் நேற்று பட்டினி என்ற கேள்விக்கே இடம் இல்லை. அதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைதும் சைதலவியும் செத்தார்கள். போலீஸ் கையில் அடிபட்ட ஆன்டனியும் பிறகு செத்தார். அவர்கள் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: ஒரு பதிவேடு, அதில் பெயர், பெயருக்கு ஒரு முறை.

வார்டு கூட்டத்தில் பயனாளிப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கிறார்களே, அது அந்தப் பதிவேடுதான். பெயர் படிக்கும்போது ‘அவருக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது’ என்று ஒருவர் எழுந்து சொல்ல முடியும். ‘என் பெயர் போன வருஷம் பதினொன்றாவதாக இருந்தது, இப்போது எங்கே’ என்று ஒரு விதவை கேட்க முடியும். கவுன்சிலர் தன் ஆளைச் செருகுவதில்லையா? செருகுவார். ஆனால் நாற்பது ஜோடிக் கண்ணுக்கு முன்னால் செருக வேண்டும். கூட்டத்தை எடுத்துவிட்டால் செருகுவது நிற்காது. பார்க்கிற கண்தான் போகும். வில்லை மறுபடி யாரோ ஒருவர் கையிலிருந்து வீசப்படும்.

தேவை இருப்பவர்கள் மட்டும் வருகிறார்கள் என்றால் அதில் குற்றம் வந்தவர்களுடையதா? எங்கள் தெருவில் நல்ல நிலையில் இருப்பவர்கள் வருவதில்லை. தண்ணீர் வராவிட்டால் டேங்கர் சொல்லிவிடுவார்கள். கொசுவுக்கு ஜன்னல் வலை. பிள்ளைக்குத் தனியார் பள்ளி. ஊரிலிருந்து ஒவ்வொன்றாகப் பணம் கட்டி விலகிக்கொண்டவர்கள், விலக வசதி இல்லாதவர்கள் கூடும் இடத்தைப் பார்த்து ‘இது வெறும் பங்கு வைக்கும் இடம்’ என்று சொல்வது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது. அந்த நாற்பது பேரோடு இன்னும் நூறு பேர் போய் உட்கார்ந்தால் பேச்சு தன்னாலே ஆட்டுக்குட்டியைத் தாண்டி வாய்க்காலுக்கும் குடிநீருக்கும் போகும்.

நம் பெருமைகளையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் தமிழர்கள் நெஞ்சை நிமிர்த்துகிறோம். 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறை என்கிறோம். அந்தச் சபை பிராமணர்களின் சபை. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். அதை மறைத்துப் பெருமை பேசுவது சரியில்லை. ஆனால் கல்லில் வெட்டத் தகுந்தது என்று அவர்கள் எதை நினைத்தார்கள் என்று பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன்னின் மாற்றுப் பார்க்கும் வாரியம். யார் உறுப்பினராகக் கூடாது என்ற பட்டியலில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் வருகிறார்கள். ஏரித் தூரும் கணக்கு வழக்கும் சின்ன விஷயம் என்று அவர்கள் நினைத்திருந்தால் கல்லுக்குச் செலவு செய்திருக்க மாட்டார்கள்.

இந்த நாட்டு விடுதலையை நடத்தியவர்களும் இந்த வேலையில் கை நனைத்தவர்கள்தான். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். பெரியார் 1919இல் காங்கிரசுக்குப் போவதற்கு முன் ஈரோடு நகராட்சித் தலைவர். படேல் 1924 முதல் அகமதாபாத் நகராட்சித் தலைவர். நேரு 1923 முதல் அலகாபாத்தில். குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் தங்கள் தகுதிக்குக் குறைந்தவை என்று இவர்கள் யாரும் ஒதுங்கவில்லை. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களைப் பெரியவர்களாகக் கொண்டாடிக்கொண்டே, இன்று அதே மாதிரி நாற்காலியில் உட்காரும் ஒரு குடும்பஸ்ரீப் பெண்ணை ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று கேட்பதை நான் ஏற்க மாட்டேன்.

இருக்கும் ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. அது போதாது என்பதே என் குறை. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் ஒரு லட்சம் பேருக்கு உட்பட்ட நகராட்சியில் வார்டு சபை என்கிறது. வாக்காளர் எல்லாரும் அதில் உறுப்பினர். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது வார்டு கமிட்டியாகச் சுருங்கிவிடுகிறது. ஊர் பெரிதாகும்போது கதவு அகலமாவதற்குப் பதிலாக ஏன் குறுக வேண்டும்? கொச்சங்காடியின் ஒவ்வொரு வாக்காளருக்கும் அந்தக் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் சட்டப்படியான உரிமை வேண்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று சொன்ன பிறகே புதிய கூட்டம் தொடங்க வேண்டும். வேலைக் கணக்கை எந்தச் சந்தில் வேலை நடந்ததோ அந்தச் சந்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. அவை காகிதத்தோடு நிற்காமல் பார்த்துக்கொள்வது அங்கே இருக்கும் உங்கள் வேலை.

எங்கள் சந்தில் கடைசிப் படி போய்விட்டது. அந்த இடத்தில் இரண்டு இரும்பு வளையம் வைத்த ஸ்லாப் கிடக்கிறது. இரண்டு பேர் தூக்கலாம். கடைக்காரருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் இந்த வருஷம் சேறு கோர ஆட்கள் வந்த அன்று, அவர்களுக்கு முன்னாலேயே வளையத்தில் கம்பி மாட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். பெரியவர் வாய்க்கால் முனையில் நின்று தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைக் காட்டியதும் வேலை தொடங்கியது.